முப்பது நாளுக்குள் பார்க்க வேண்டிய கண்

குறைமாதத்தில் பிறந்து, பிழைத்து, வீடு திரும்பிய குழந்தைக்குப் பார்வை போகிறதென்றால், அது பெரும்பாலும் பிறந்த முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. குழந்தை பால் குடிக்கிறது, எடை கூடுகிறது, கண்ணும் வெளியிலிருந்து பார்க்கக் கருகருவென்று நன்றாகத்தான் இருக்கிறது. நான்கைந்து மாதம் ஆனதும், முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே, கிலுகிலுப்பையின் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளை அதைக் கண்ணால் தேடவில்லையே என்று பாட்டிமார்களுக்குச் சந்தேகம் வருகிறது. கண்மணியின் நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று தூக்கிக்கொண்டு ஓடும்போது, உள்ளே விழித்திரை முழுதாகப் பிரிந்து சுருண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் எவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை செய்தாலும் மீட்கக்கூடிய பார்வை மிகச் சொற்பம்.

ஆர்.ஓ.பி. என்று மருத்துவமனைகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் குறைமாத விழித்திரை நோய் இது. இதற்கு மருந்து உண்டு, லேசர் உண்டு. எப்போது பார்க்க வேண்டும், எப்போது சிகிச்சை தர வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும். ஆனாலும் குழந்தைகள் பார்வை இழக்கிறார்கள். இந்த நோயின் எண்பது ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்றுதான். உயிரைக் காக்கும் துறை ஒன்றாகவும் கண்ணைக் காக்கும் துறை வேறாகவும் நின்ற ஒவ்வொரு காலத்திலும், நடுவில் விழுந்தது குழந்தையின் பார்வை.

நோய் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். கருவில் ஏறத்தாழ 16ஆம் வாரம்வரை விழித்திரைக்கென்று ரத்தக்குழாய்கள் இல்லை. அதன் பிறகு பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து அவை கிளைத்து, ஓரங்களை நோக்கி நகரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்க ஓரத்தை 36ஆம் வாரம் வாக்கிலும், நெற்றிப்பொட்டுப் பக்க ஓரத்தை 40ஆம் வாரம் வாக்கிலும் எட்டுகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர நாள் பிடிப்பது போலத்தான் இது. 28 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தையின் கண்ணில் கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வந்திருக்காது.

குழாய்களை முன்னே இழுத்துச் செல்வது வி.இ.ஜி.எஃப். என்ற புரதம். ஆக்சிஜன் போதாத திசுதான் அதைச் சுரக்கும். கருவில் ஆக்சிஜன் அளவு இயல்பாகவே குறைவு என்பதால் சுரப்பும் சீராக நடக்கிறது. பிறந்ததும் அந்த அளவு சட்டென்று உயர்கிறது. அதோடு குழாய் வழியே கூடுதல் ஆக்சிஜனும் சேர்ந்தால் சுரப்பு அடங்கி, ரத்தக்குழாய்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. சில சுருங்கி மறைந்தும் போகின்றன. கருவில் இருந்தபோது கிடைத்துவந்த ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியும் குறைந்துபோகிறது. இது முதல் கட்டம். இரண்டாவது கட்டம் சில வாரம் கழித்து வருகிறது. விழித்திரை தொடர்ந்து வளர்கிறது, அதன் பசி கூடுகிறது, ரத்தமோ வரவில்லை. மூச்சுத் திணறும் அந்தத் திசு வி.இ.ஜி.எஃப்.ஐ வெள்ளமாகச் சுரக்கிறது. அதனால் முளைக்கும் குழாய்கள் ஒழுங்கற்றவை, மெலிந்தவை, ரத்தம் கசிபவை. அவற்றைச் சுற்றித் தழும்பு உண்டாகி, அது சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது.

முதல் கட்டத்தில் கெடுதல் செய்வது அதிக ஆக்சிஜன். இரண்டாம் கட்டத்தில் கெடுதல் செய்வது விழித்திரைக்குள் ஆக்சிஜன் பஞ்சம். இந்த முரணைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் இழந்தது கொஞ்சமல்ல.

1942இல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெரி, குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் வில்லைக்குப் பின்னால் வெண்மையான ஒரு திசு படர்ந்திருப்பதை முதன்முதலில் எழுதினார். காரணம் தெரியாமலே 1946இல் அவர் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எங்கும் இந்நோய் பரவியது. ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. 1950இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். வைட்டமின், இரும்புச்சத்து, வெளிச்சம், பால் என்று எதன்மீதெல்லாமோ சந்தேகம் போனது. நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில்தான் நோய் அதிகம் என்ற உண்மை மட்டும் கண்முன்னே கிடந்தது.

அக்காலத்தில்தான் காற்றுப் புகாத புதிய இன்குபேட்டர்கள் வந்தன. குறைமாதக் குழந்தை விட்டுவிட்டு மூச்சு விடும். ஆக்சிஜனைக் கூட்டினால் மூச்சு சீராகும், நிறமும் சிவக்கும். எனவே எல்லாக் குழந்தைகளுக்கும் வாரக்கணக்கில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். அதை யாரும் மருந்தாக நினைக்கவில்லை. மருந்தென்றால் அளவு வேண்டும். ஆக்சிஜனுக்கு அளவு என்ற எண்ணமே அன்று எழவில்லை.

1951இல் மெல்போர்னின் குழந்தை மருத்துவர் கேட் காம்பெல், தாராளமாக ஆக்சிஜன் தரும் இடத்தில் நோய் கூடுதலாகவும் சிக்கனமாகத் தரும் இடத்தில் குறைவாகவும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதார சேவை வந்து கருவிகள் எளிதில் கிடைத்த பிறகே நோய் பெருகியதைப் பர்மிங்காமில் மேரி கிராஸ் கவனித்தார். வாஷிங்டனில் அர்னால் பாட்ஸ் என்ற இளம் கண் மருத்துவர், குழந்தைகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துப் பார்க்க முற்பட்டார். குழந்தைகளைக் கொல்லப் பார்க்கிறார் என்று அஞ்சிய செவிலியர்கள் இரவில் ரகசியமாகக் குமிழைத் திருகி ஆக்சிஜனைக் கூட்டிவைத்தார்கள். அந்தச் செவிலியர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர்கள் கண்ட மரணங்கள் மூச்சுத் திணறலால் வந்தவை. ஆக்சிஜனால் போன கண்களை அவர்கள் பார்த்ததில்லை, ஏனென்றால் அதற்குள் குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும். இந்தக் கட்டுரையின் மையமே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பாட்ஸின் முடிவுகளுக்குப் பிறகு 18 மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய ஆய்வொன்றை நடத்தின. 1954இல் முடிவு வந்தது: தாராள ஆக்சிஜனே முதன்மைக் காரணம். லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளின் கண்ணில் அதே மாற்றத்தை ஏற்படுத்திக் காட்டினார். ஓரிரு ஆண்டில் நோய் சடசடவென்று குறைந்தது.

வரலாறு அங்கே நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கூடாது என்ற விதியை, நுரையீரல் முதிராமல் திணறிய குழந்தைகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினார்கள். குழந்தைகள் இறந்தார்கள். 1973இல் கென்னத் கிராஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், ஒரு குழந்தையின் பார்வையைக் காத்ததற்கு ஈடாக ஏறத்தாழ 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார். அந்த எண்ணைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் கண்ணை மட்டும் பார்த்து எடுத்த முடிவு உயிரைப் பறித்தது என்பதில் ஐயமில்லை.

நோயின் காரணம் இன்னும் தெரியாதிருந்த காலத்தில் நியூயார்க்கில் நடந்த இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். மருத்துவர் வில்லியம் சில்வர்மன் தன் பராமரிப்பிலிருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசியைக் கொடுத்தார். பெரும்பாலோருக்குக் கண் நன்றாக இருந்தது. மருந்து கிடைத்துவிட்டதென்றே தோன்றியது. ஆனாலும் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தார். ஊசி போட்ட பிரிவில்தான் பார்வை இழப்பு அதிகம், மரணமும் அதிகம். நோயின் தொடக்கக் கட்டம் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்பதுதான் அந்த 'வெற்றி'யின் பின்னணி. பின்னாளில் அவர் இந்த நோயின் கதையை ஒரு தனி நூலாகவே எழுதி, சோதிக்கப்படாத நல்லெண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்று வாழ்நாளெல்லாம் பேசினார்.

ஆக்சிஜனுக்குச் சரியான அளவு எது? ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைத் தோலின் மேலிருந்தே அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படையை 1974இல் ஜப்பானின் தகுவோ ஆயோகி கண்டறிந்த பிறகே இந்தக் கேள்விக்கு விடை தேட வழி பிறந்தது. 24 முதல் 27 வாரத்தில் பிறந்த குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த 'சப்போர்ட்' ஆய்வு 2010இல் வெளியானது. செறிவை 85 முதல் 89 சதவீதத்துக்குள் வைத்திருந்த பிரிவில், பிழைத்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குக் கடுமையான கண் நோய். 91 முதல் 95க்குள் வைத்திருந்த பிரிவில் 17.9 சதவீதம். கண்ணைப் பொறுத்தவரை குறைந்த அளவுதான் நல்லது. ஆனால் மரணம் முதல் பிரிவில் 19.9 சதவீதம், இரண்டாவதில் 16.2. இன்று பெரும்பாலான இடங்களில் 90 முதல் 95 என்ற இலக்கு வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். குழந்தை பிழைக்கட்டும், கண்ணைத் தேடிப் பார்த்துச் சிகிச்சை தருவோம் என்பதே அந்த இலக்கின் உட்பொருள். தேடிப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத ஊரில் அந்த இலக்கு பாதிதான் நிறைவேறுகிறது.

இங்கிருந்து கதை நம் பக்கம் திரும்புகிறது. லண்டனைச் சேர்ந்த கிளேர் கில்பர்ட் 1990களில் பல நாடுகளின் பார்வையற்றோர் பள்ளிகளை ஆராய்ந்து சொன்னது இது: மிக ஏழை நாடுகளில் இந்நோயால் பார்வை இழந்தோர் குறைவு, ஏனெனில் குறைமாதக் குழந்தைகள் அங்கே பிழைப்பதில்லை. பணக்கார நாடுகளிலும் குறைவு, ஏனெனில் கவனிப்பு முழுமையாக இருக்கிறது. நடுவிலிருக்கும் நாடுகளில்தான் அதிகம். அதற்கு மூன்றாம் அலை என்று பெயர் வந்தது. 2010ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் இந்நோயால் பார்வையை முழுதாகவோ பெருமளவிலோ இழந்தார்கள் என்கிறது. உலகிலேயே அதிகக் குறைமாதப் பிறப்புகள் நடப்பது இந்தியாவில். ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேல்.

மாவட்டந்தோறும் எஸ்.என்.சி.யூ. என்ற பச்சிளம் குழந்தை சிறப்புப் பிரிவுகள் வந்தது நம் பொதுச் சுகாதாரத்தின் பெரிய சாதனை. முன்பு ஒரு கிலோவில் பிறந்த பிள்ளை பிழைக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை, இன்று பிழைக்கிறது. அதோடு வந்திருக்க வேண்டிய சிறிய கருவிகள் எல்லா இடத்துக்கும் வரவில்லை. காற்றையும் ஆக்சிஜனையும் வேண்டிய விகிதத்தில் கலந்து தரும் பிளெண்டர் இல்லாத பிரிவில், சிலிண்டரிலிருந்து சுத்த ஆக்சிஜன் நேராகக் குழந்தைக்குப் போகிறது. ஆக்ஸிமீட்டர் இருந்தும் 95க்கு மேல் போனால் ஒலிக்கும்படி அலாரத்தை வைக்காவிட்டால் பயனில்லை. 100 என்று திரை காட்டுவதைக் கண்டு நிம்மதி அடைகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஆக்சிஜன் மட்டுமே குற்றவாளியும் அல்ல: ரத்தத்தில் கிருமித் தொற்று, மீண்டும் மீண்டும் ரத்தம் ஏற்றுதல், எடை ஏறாமை ஆகியவையும் நோயைத் தூண்டுகின்றன. கைகழுவுவதும், தாய்ப்பாலும், தாயின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறையும் கண்ணுக்கான சிகிச்சைகளே.

இதனால் நம் நாட்டில் நோயின் முகமும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1500 கிராமுக்குள் அல்லது 30 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளைத்தான் கட்டாயம் பரிசோதிக்கிறார்கள். அதே அளவுகோலை இங்கே வைத்தால் பல குழந்தைகள் தவறிவிடும். இங்கே ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்த பிள்ளைக்கும் கடும் நோய் வருகிறது. எனவே இந்திய வழிகாட்டுதல் 2000 கிராமுக்குள், அல்லது 34 வாரத்துக்குள் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் பார்க்கச் சொல்கிறது. 34 முதல் 36 வாரக் குழந்தைகளில் உடல்நிலை மோசமாக இருந்தவர்களையும் சேர்த்து. பிறந்து முப்பது நாளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்குள் பிறந்தாலோ 1200 கிராமுக்குக் குறைந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்தாக வேண்டும்.

பரிசோதனை பெரிய காரியமல்ல. கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, மரத்துப்போகும் சொட்டு போட்டு, இமையைச் சிறு கம்பியால் விலக்கி, தலையில் மாட்டிய விளக்கும் கையில் பிடித்த வில்லையுமாக மருத்துவர் சில நிமிடம் பார்க்கிறார். குழந்தை வீறிட்டு அழும்; தாய்க்கு அது கொடுமையான நேரம். சிலர் அடுத்த முறை வராமல் இருப்பதற்கு அந்த அழுகையும் காரணம். முன்கூட்டியே சொல்லி, சர்க்கரை நீர்த் துளி வைத்து, துணியில் சுற்றி அணைத்துச் செய்தால் வலி குறையும். இதற்கு நேரம் ஒதுக்குவது கண் மருத்துவரின் பெருந்தன்மையைச் சார்ந்த விஷயமாக இருக்கக் கூடாது.

நோய் சிகிச்சை தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்தாக வேண்டும். ரத்தக்குழாய் போய்ச் சேராத ஓரப் பகுதியைச் சுட்டு, அங்கிருந்து வரும் வி.இ.ஜி.எஃப். சுரப்பை நிறுத்துவதே அதன் வழி. ஓரத்தைக் கொடுத்து நடுப்பார்வையைக் காப்பது. 2011க்குப் பிறகு, அந்தப் புரதத்தையே முடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் முறையும் பரவியது. நடுப்பகுதியிலேயே கடுமையாகத் தாக்கும் வகைக்கு ஊசி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஊசிக்குப் பல வாரம் கழித்து நோய் மீண்டும் தலைகாட்டலாம். ஊசி போட்டுவிட்டு அடுத்த பரிசோதனைக்கு வராத குழந்தையின் நிலை, லேசர் செய்த குழந்தையின் நிலையைவிட ஆபத்தானது. ஊசி எளிது என்பதாலேயே அதை எல்லோருக்கும் போடுவதை நான் ஏற்க மாட்டேன். திரும்பி வருவார்களா என்று தெரியாத குடும்பத்துக்கு லேசரே பாதுகாப்பு.

சிக்கல் முழுக்க அந்தத் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். குழந்தை பிறந்தது ஒரு மாவட்டம், சிறப்புப் பிரிவில் இருந்தது இன்னொரு மாவட்டம், டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பது மாமியார் வீட்டு முகவரி, கொடுத்த கைபேசி எண் கணவருடையது, அவர் வேலைக்கு வெளியூரில். ஏழு மாதத்தில் பிறந்த பச்சைப்பிள்ளையை ஒரு மாதம், நாற்பது நாள் வெளியே எடுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தொற்றுக்கு அஞ்சி வந்த நல்ல வழக்கம்தான். ஆனால் கண்ணைப் பார்க்க வேண்டிய நாட்களும் அவையேதான். அந்த வீட்டாரிடம் கண் என்ற சொல்லையே யாரும் சொல்லி அனுப்பாதபோது, வரவில்லை என்று தாயைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

சட்டமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. 1996இல் சென்னையின் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தை, கண் பரிசோதனை ஏதுமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் பார்வை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு அளித்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. பரிசோதிக்காததும் பெற்றோரை எச்சரிக்காததும் மருத்துவக் கவனக்குறைவு என்பது தீர்ப்பு. அந்தக் குடும்பம் இறுதித் தீர்ப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு காத்திருந்தது.

வழி தெரியாமல் இல்லை. கர்நாடகத்தில் 2008இல் பெங்களூரு நாராயண நேத்ராலயாவின் ஆனந்த் விநேகர் தொடங்கிய 'கிட்ராப்' திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்டப் பிரிவுகளுக்குக் குறித்த நாளில் போகிறார்கள். விழித்திரையைப் படம் எடுத்து அங்கேயே தரம் பிரிக்கிறார்கள். தொலைவிலுள்ள மருத்துவர் கைபேசியில் பார்த்து முடிவு சொல்கிறார். மருத்துவரைத் தேடிக் குழந்தை அலைய வேண்டியதில்லை. கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளுக்கே சென்று பரிசோதிக்கும் முறையை வளர்த்திருக்கிறது. அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்திலும் இந்நோய் இடம்பெற்றிருக்கிறது.

கண்ணைக் காத்துவிட்டால் பார்வை முழுதும் காக்கப்பட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு அதிகக் கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பல் கண் ஆகியவை பிறரைவிடக் கூடுதலாக வருகின்றன. மூளையின் உட்பகுதியில் ரத்த ஓட்டம் குறைந்து ஏற்படும் சேதத்தால், கண் தெளிவாக இருந்தும் பார்த்ததை மூளையால் பகுத்துணர முடியாமல் போகும் நிலையும் உண்டு. வளர்ந்த நாடுகளில் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டுக்கு இதுவே இன்று முதன்மைக் காரணங்களில் ஒன்று. பிள்ளை படியில் தடுமாறுகிறான், கூட்டத்தில் அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை, வரி தவறி வாசிக்கிறான். பள்ளியில் மந்தம் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். இவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண் பரிசோதனை பள்ளி வயது முழுவதும் தேவை.

தமிழ்நாட்டில் இதைச் செய்வதற்கான கட்டமைப்பு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. கர்ப்பம் உறுதியானதும் பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவேட்டில் பதிந்து ஓர் எண் தருகிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும். தாய்வீட்டுக்குப் போனாலும் எண் மாறுவதில்லை. 2000 கிராமுக்குக் குறைந்த எடையோ 34 வாரத்துக்குக் குறைந்த காலமோ பதிவானால், தடுப்பூசி நாளைப் போலவே கண் பரிசோதனை நாளும் அதே பதிவில் தானாக விழும்படி செய்யலாம். பிறந்த 14, 21, 28ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் ஏற்கெனவே சொல்கிறது. அந்த வருகையின் படிவத்தில் கண் பார்த்தாயிற்றா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். குழந்தை இன்னும் பிரிவிலேயே இருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே முதல் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். முன்னதாகவே அனுப்ப நேர்ந்தால், சீட்டின் முதல் வரியில் தமிழில், தேதியும் இடமும் போட்டு எழுதி, தாய்வீட்டு எண், மாமியார் வீட்டு எண் இரண்டையும் வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும். அந்தத் தேதியில் குழந்தை வரவில்லையென்றால் மறுநாளே அழைப்பது யார் என்பதை, அந்தப் பிரிவின் பொறுப்புப் பட்டியலில் ஒருவர் பெயரோடு எழுதிவைக்க வேண்டும்.